மீதி எட்டு

கரண்ட் பில்லின் பின்பக்கம்தான் காலியாக இருந்தது.
பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாயைக்
கவிழ்த்துப் போட்டுக் கணக்கைத் தொடங்கினேன்.

நூற்றிருபத்தெட்டு ஜிபி ரேம்.
சென்னையில் ஏதோ வங்கி கழித்துக் கட்டிய சர்வர்,
பஸ் டிக்கியில் மூட்டை முடிச்சோடு வந்து
மஞ்சக்குப்பத்தில் இறங்கி
இரண்டு பேர் தோளில் மாடியேறியது.
கீழேயே வைக்கலாமே, வாடகை குறைவு என்றார் வீட்டுக்காரர்.
படிக்கட்டைக் காட்டினேன்:
ஐந்தாம் படிவரை
கெடிலம் கையெழுத்துப் போட்டிருந்தது.

முதல்முறை சுவிட்சைத் தட்டியதும் எழுந்த இரைச்சலில்
கீழ்க்கடை பம்புசெட்காரர் மூச்சிரைக்க ஏறி வந்தார்,
தன் மோட்டார் ஏதோ தண்ணீரில்லாமல் ஓடுகிறதென்று.

சரி, பங்கு.
ஆறு பேர், ஆளுக்குப் பதினாறு. தொண்ணூற்றாறு.
டேட்டாபேஸுக்குப் பதினாறு.
எல்லோரையும் சுமக்கிற இரும்புக்கென்று எட்டு;
அதற்கும் மூச்சு வேண்டுமே.
மீதி எட்டு. வட்டம் போட்டு வைத்தேன்.

கோர் பதினாறுதான். எழுதியது இருபத்தெட்டு.
தப்பில்லை. ஒரே நொடியில்
எல்லோரும் யோசிப்பதில்லை.
தெய்வசிகாமணி கம்பைல் கொடுத்துவிட்டு டீக்குப் போவான்,
அது முடிந்த கையோடு ஷாகிரா தொடங்குவாள்.
லூர்துநாதன் மதியம் மூன்று மணிவரை
திரையைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பான்,
பிறகு எழுதுவான் பார், விசிறி அலறும்.

டிஸ்க்கில்தான் கை தயங்கியது.
ஒன்று கெட்டால் இன்னொன்று என்று இரட்டையாக வாங்கியதில்
கைக்கு மிஞ்சியது இரண்டு டிபி.
ஏழு எந்திரத்துக்கும் நான் சொன்னதோ
ஐந்நூறு ஜிபி, ஐந்நூறு ஜிபி.
ஒவ்வொன்றும் தன்னிடம் ஐந்நூறு இருப்பதாகவே நம்பும்.
கேட்காதவரை இருக்கும்.
மெய்நிகர் என்று பெயர் வைத்தவர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்:
மெய்க்கு நிகர்.
மெய் என்று எங்கே சொன்னார்?

இந்த வித்தை எனக்குப் புதிதில்லை.
அதே தாளின் ஓரத்தில் இன்னொரு கணக்கு.
பாண்டிச்சேரி பார்ட்டி பணம் பத்தாம் தேதி.
சம்பளம் ஒன்றாம் தேதி.
வங்கியில் இருப்பது நாலு பேருக்கு,
வாக்குக் கொடுத்திருப்பது ஐந்து பேருக்கு.
என் பெயரை எழுதவே இல்லை.

ஐப்பசி பிறந்துவிட்டது.
காற்று திரும்பினால் மின்சாரம் போகும்.
யுபிஎஸ் பதினொரு நிமிடம் தாங்கும்.
அதற்குள் ஏழு எந்திரமும்
ஒன்றன்பின் ஒன்றாக, அடிபடாமல் படுக்க வேண்டும்.
ஆகவே ஒரு வரிசை:
யார் முதலில் அணைவது?

டேட்டாபேஸ் கடைசி. அதில் பேச்சில்லை.
முதலில் என்னுடையது.
இரண்டாவதில் பேனா நின்றுவிட்டது.
ஷாகிராவின் சோதனை நாலு மணி நேரம் ஓடும்,
நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து.
சிகாமணி எதையுமே சேமிப்பதில்லை.
பூவிழி வந்தே எட்டு நாள்தான் ஆகிறது,
புது ஆளை முதலில் அணைப்பது
சொல்வதற்கே நன்றாக இல்லை.

ஷாகிரா பின்னால் வந்து நின்றாள்.
ஓரத்துக் கணக்கின்மேல் டீ டம்ளரை நகர்த்தினேன்.

"வட்டத்துல இருக்க எட்டு யாருக்கு?"
"யாருக்கும் இல்ல. புயலுக்கு."
"புயலுக்கு எதுக்கு ரேம்?"

என்னிடம் பதில் இல்லை.
டம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள்,
என் டீ அது.
தாளில் விழுந்த ஈர வளையத்துக்குள்
நாலும் ஐந்தும்
மசி கசிந்து தெரிந்தன.

பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை.
என் கையிலிருந்து பேனாவை உருவி
இரண்டாவது என்ற எண்ணுக்கு நேரே
தன் பெயரை எழுதினாள்.

எந்த வரிசைக்கு என்று
நானும் கேட்கவில்லை.